புதுப்பிப்பு: சியாங் மாயில் எட்டு மாதம்

ஓய்வுக்குப் பிறகு தாய்லாந்தின் சியாங் மாயில் குடியேறலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேனே, வந்து எட்டு மாதம் ஆகிறது. ஓய்வு விசாவுக்குக் காட்ட வேண்டிய, பலர் பயமுறுத்திய 8 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) வங்கி இருப்பு பெரிய தலைவலியாக இல்லை. 90 நாளுக்கொரு முறை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிப்பதும் பழகிவிட்டது. கோட்டைவிட இருந்தது ரீ-என்ட்ரி பர்மிட்டில்தான், அதாவது வெளிநாடு போய்த் திரும்பினாலும் விசா செல்லுபடியாக, கிளம்பும் முன்பே வாங்க வேண்டிய அனுமதி. பேத்தி காதுகுத்துக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பற்றிக் கேட்டிருக்காவிட்டால், அது இல்லாமலே விமானம் ஏறியிருப்பேன். ஓராண்டு விசா நீட்டிப்பே போயிருக்கும். 1,000 பாட்டோடு தப்பித்தேன்.

மார்ச் புகை? நீங்கள் சொன்னதைவிட மோசம். வயலும் காடும் எரிகிற புகையில் தோய் சுதேப் மலையே கண்ணில் படவில்லை. மனைவிக்கு இருமல் நிற்கவே இல்லை. அடுத்த மார்ச்சில் மதுரைதான், வெயிலானாலும் சரி.

அப்புறம், முருங்கைக்காய் வரோரொட் சந்தையில் கிடைக்கிறது. இங்கே 'மரும்' என்கிறார்கள். தோலைச் சீவிவிட்டு விற்கிறார்கள், அதுதான் இன்னும் மனசு ஒப்பவில்லை.