சாம்ப்ளரில் நடுவில் மட்டும் சுருதி சேர்கிறது, மற்ற இடமெல்லாம் தாறுமாறு: அவசர உதவி

தவிப்பு_21:
வணக்கம். பதிவுசெய்த ஒலிகளைக் கட்டைகளில் வாசிக்க உதவும் சாம்ப்ளரில், நானே பதிவுசெய்த ஒலிகளைக் கீபோர்டு முழுக்கப் பரப்பி வைத்தேன். நடுவில் சரியாக இருக்கிறது. மேலே போகப் போக எலிக் கீச்சொலி, கீழே வந்தால் உறுமல். நாளை இரவுக்குள் ஒரு பின்னணி இசையை முடித்தாக வேண்டும். என்ன செய்வது?

அலைநீளம்:
எந்த வாத்தியம்? எத்தனை சாம்பிள், அதாவது பதிவு? எத்தனை கட்டைக்கு ஒன்று?

பழந்தந்தி:
எலி, உறுமல் என்பதை வைத்துக்கொண்டு யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது. கேள்வி கேட்கவும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு புதியவருக்கும் இதையே சொல்லிச் சலித்துவிட்டது.

மின்காந்தள்:
இது சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது) கோளாறு. 44,100-இல் பதிவுசெய்ததை 48,000-இல் ஓட்டுகிறீர்கள். நானும் ஒரு நாள் முழுக்க இதில் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அலைநீளம்:
அப்படியானால் எல்லாக் கட்டையும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்) ஏறியிருக்க வேண்டுமே? நடுவில் மட்டும் எப்படிச் சேரும்?

மின்காந்தள்:
எதற்கும் பார்த்துவிடட்டும்.

தவிப்பு_21:
மன்னிக்கவும். பியானோ. மூன்று செமிடோனுக்கு ஒரு சாம்பிள். எந்தப் பதிவு எந்தக் கட்டைக்கு என்று சாம்ப்ளருக்குச் சொல்லும் எஸ்எஃப்இசட் கோப்பை நானே கையால் எழுதினேன். எல்லாம் 44,100 தான், பார்த்துவிட்டேன்.

ஏழாம்சுரம்:
கோப்புகளுக்கு சி3, சி4 என்று பெயர் வைத்தீர்களா? மிடி எண் (ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள எண்) 60-ஐ யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. பெயரை நம்பி வைத்தால் ஒரு ஸ்தாயி தள்ளிப்போய்விடும்.

பழந்தந்தி:
நடு சி என்பது சி4 தான். பியானோவின் இடக்கோடியிலிருந்து எண்ணினால் நான்காவது சி. எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை.

ஏழாம்சுரம்:
என்னுடையது 61 கட்டை. இடக்கோடியிலிருந்து எண்ணினால் மூன்றாவது சி. அப்படியானால் எனக்கு சி3 தானே?

பழந்தந்தி:
கீபோர்டின் நீளத்தைப் பொறுத்து சுரத்தின் பெயர் மாறாது.

ஏழாம்சுரம்:
எண்ணச் சொன்னது நீங்கள்தான்.

கட்டைவிரல்:
நீங்கள் இருவரும் தனியாக ஓர் இழை தொடங்குங்கள். ஒரு ஸ்தாயி பிசகியிருந்தால் நடுவிலும் பிசகியிருக்கும். தவிப்பு, 60-இலிருந்து ஒவ்வொரு கட்டையாக மேலே வாசியுங்கள். எந்தக் கட்டையில் தாவுகிறது? கோப்பிலிருந்து ஒரு வரியையும் இங்கே ஒட்டுங்கள்.

தவிப்பு_21:
60, 61 சரி. 62-இல் திடீரென்று தாவுகிறது. 63, 64 வரிசையாக வருகின்றன. 65-இல் மறுபடியும் தாவல். ஒரு வரி: லோகீ=62 ஹைகீ=64. பிறகு கோப்பின் பெயர். எல்லா வரியும் இப்படித்தான்.

கட்டைவிரல்:
அகப்பட்டது. எந்தக் கட்டைகளில் ஒலிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவு எந்தச் சுரம் என்று எழுதவில்லை. பிட்ச்_கீசென்டர் இல்லாவிட்டால் அதை 60 என்றே சாம்ப்ளர் எடுத்துக்கொள்ளும். உங்கள் 63-ஆம் பதிவு ஏற்கெனவே மூன்று செமிடோன் உயரத்தில் இருக்கிறது. அதையும் 60 என்று நினைத்து இன்னும் மூன்று ஏற்றுவதால் 66 ஆக ஒலிக்கிறது. 66-ஐத் தட்டினால் 72 வரும், அரை ஸ்தாயி மேலே. கீழ்ப்பக்கமும் இதே கணக்கு: 48-ஐத் தட்டினால் 36. 60-ஆம் பதிவு மட்டும் தற்செயலாகத் தப்பியது. ஒவ்வொரு வரியிலும் அந்தந்தப் பதிவின் எண்ணைச் சேருங்கள்: லோகீ=62 ஹைகீ=64 பிட்ச்_கீசென்டர்=63. ஒரு சாம்பிள் ஒரே கட்டைக்கு மட்டும் என்றால் கீ=63 என்று எழுதினாலே மூன்றும் அமைந்துவிடும்.

பழந்தந்தி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ஏழாம்சுரம்:
எந்தப் பதிலில்?

தவிப்பு_21:
சரியாகிவிட்டது, நன்றி! இப்போதுதான் கவனிக்கிறேன், எந்தக் கட்டையைத் தட்டினாலும் மெல்லிய பதிவும் ஓங்கிய பதிவும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நேரமில்லை, பிறகு வருகிறேன்.

அலைநீளம்:
இரண்டு அடுக்கு இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! லோவெல், ஹைவெல் எழுதினீர்களா? எழுதாவிட்டால் இரண்டு அடுக்கும் எல்லா வெலாசிட்டிக்கும் (கட்டையைத் தட்டும் வேகம்) ஒலிக்கும். மெல்லியதற்கு ஹைவெல்=70, ஓங்கியதற்கு லோவெல்=71 என்று வைத்துப் பாருங்கள்.

அலைநீளம்:
தவிப்பு, இருக்கிறீர்களா?

மின்காந்தள்:
சாம்பிள் ரேட்டையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.