பனையோலைக்குப் பயந்த பொட்டு

ஊர் மாறிப்போன ஒரு குடும்பம் எங்களிடம் விட்டுச்சென்ற காக்டெய்ல் (cockatiel) என்ற கொண்டை வைத்த சின்னக் கிளி, பொட்டு. கன்னத்தில் ஆரஞ்சு வட்டம் இருப்பதால் என் மகள் வைத்த பெயர். பழைய வீட்டில் அவன் கூண்டுக்குள் இருந்தது உட்கார ஒரு குச்சி, தண்ணீர்க் கிண்ணம், தீனிக் கிண்ணம், அவ்வளவுதான். விளையாட்டுச் சாமானையே அவன் கண்டதில்லை.

பாவமாக இருக்கிறதே என்று, வந்த இரண்டாம் நாளே சிவப்பும் மஞ்சளுமாய் மரக்கட்டைகள் கோத்து அடியில் மணி தொங்கும் பெரிய பொம்மை ஒன்றை வாங்கிவந்து கூண்டின் நடுவில் மாட்டினேன். கொண்டை செங்குத்தாக நிமிர, உடம்பை ஒடுக்கிக்கொண்டு மூலைக் கம்பியில் ஒட்டிக்கொண்டான். சாயங்காலம் வரை தீனிக்கு இறங்கவில்லை. நடுராத்திரியில் படபடவென்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூண்டின் அடியில் மூன்று இறகுகள் கொட்டிக்கிடக்கின்றன, அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். காக்டெய்லுக்கு இருட்டில் இப்படி மிரளும் சுபாவம் அதிகம். அன்றே பொம்மையைக் கழற்றினேன். அன்றிலிருந்து கூண்டருகே சின்ன விடிவிளக்கு ஒன்றும் எரிகிறது.

கூச்சம் என்று நாம் சொல்வது அவனுக்கு உயிர்ப்பயம். வெட்டவெளியில் பருந்துக்கு இரையாகும் இனம். தலைக்கு மேல் புதிதாக ஒன்று ஆடினால் முதலில் பயப்படத்தான் செய்யும்.

அடுத்ததாக, சாயம் போடாத பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்றை எடுத்தேன். உள்ளே இருந்த கூழாங்கற்களை எடுத்துவிட்டு, கூண்டிலிருந்து பத்தடி தள்ளி ஜன்னல் திட்டில் வைத்தேன். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அப்புறம் இரண்டு நாளைக்கு ஓர் அடி என்று பக்கத்தில் நகர்த்தினேன். எனக்கு அளவுகோல் அவன் கொண்டைதான். பின்பக்கமாகச் சாய்ந்து தளர்ந்திருந்தால் நகர்த்துவேன், குத்திட்டு நின்றால் பழைய இடத்துக்கே எடுத்துப்போய்விடுவேன். ஒரு வாரம் முழுக்க மூன்றடி தூரத்திலேயே நின்றுபோனது. அவசரப்படவில்லை.

அவனை உண்மையில் மாற்றியது வேறு. தினமும் நாலு மணிக்கு நானும் மகளும் தரையில் உட்கார்ந்து அந்த ஓலையைக் கிழித்து விளையாட ஆரம்பித்தோம். அவனைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கூட்டமாக வாழும் பறவை. தன் கூட்டம் எதையாவது கொறித்தால் அது என்ன என்று தெரிந்தாக வேண்டும் அதற்கு. நாலாம் நாள் கூண்டுக்கு வெளியே வந்து, சோபா ஓரத்தில் இரண்டடி வைப்பதும் நிற்பதுமாக நெருங்கினான். கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, கிழிந்து தொங்கிய ஓலை நுனியை மட்டும் அலகால் தொட்டான். சட்டென்று பின்வாங்கினான். மறுபடி வந்தான். ‘கிர்ர்’ என்று ஓலை கிழிந்த சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

* * *

அக்கா, நீங்கள் பொட்டுவைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என்னிடம் இருப்பது கன்யூர் என்ற வகைக் கிளி. வாங்கிய பொம்மையை அவள் தொடாததால் அதை முழுசாகப் பிரித்து, ஒரே ஒரு கட்டையை மட்டும் தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டேன். இரண்டாம் நாளே எடுத்துக் கடித்தாள். ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கோத்தோம். இப்போது முழுப் பொம்மையும் அவளுடையது.

ஒரு எச்சரிக்கை: பருத்திக் கயிற்றுப் பொம்மை வாங்காதீர்கள். நூல் பிரிந்து அவள் விரலைச் சுற்றி இறுக்கி வீங்கிவிட்டது. நல்லவேளையாகக் காலையிலேயே பார்த்தேன். விழுங்கினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னார். துத்தநாகம் பூசிய மணி, சங்கிலியும் வேண்டாம், அது விஷம்.

அக்கா, என் நண்பன் ஒருவனுக்கும் காக்டெய்ல் இருக்கிறது. ஓலையைத் தொடுகிறது, ஆனால் கூண்டில் தொங்கவிட்டால் மட்டும் ஓடுகிறதாம். பொட்டு எப்படி?

* * *

தம்பி, பொட்டுவும் அப்படித்தான். தொங்கவிடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்குகிற பறவை அது. எனக்கு இது புரிந்ததும் ஒரு பழைய மூங்கில் முறத்தை எடுத்து, ஓலைத் துண்டு, சோளத்தட்டை, கசக்கிய வெள்ளைத்தாள் எல்லாம் பரப்பி, அதற்கடியில் தினைக்கதிரை ஒளித்துவைத்தேன். கடையில் மில்லட் ஸ்ப்ரே என்று பாக்கெட்டில் விற்பதும் இந்தத் தினைதான். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்களைச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறோமே, அந்தத் தினை. நான் ஓட்டாமல் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வாரம் கதிர் பாதி வெளியே தெரியும்படி வையுங்கள். தேடிப் பழகியபின் முழுசாக மூடலாம். சாப்பிட்டு முடித்ததும் அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. நேற்று தினை தீர்ந்தபிறகும் முறத்துக்குள்ளேயே நின்று, பெரிய தாள் உருண்டை ஒன்றைத் தலையால் முட்டி முட்டி விளிம்புக்குத் தள்ளிக் கீழே போட்டான். விழுந்ததை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு விசில். மகள் எடுத்துக் கொடுத்தாள். திரும்பவும் போட்டான். இருட்டும்வரை இதேதான்.