எம்விஎஸ் போர்டுக்கு மல்டி கார்ட்ரிட்ஜ்: எஸ்டிரேமா, நார் ஃபிளாஷா?

ஈயப்புகை:

வீடியோ கேம் நிறுவனமான எஸ்என்கே 1990-ல் கொண்டுவந்த நியோ ஜியோ எம்விஎஸ் ஆர்கேட் போர்டுக்கு (நாணயம் போட்டு ஆடும் இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை) பல ஆட்டங்களைக் கொள்ளும் ஒரு மல்டி கார்ட்ரிட்ஜ் வரைந்துகொண்டிருக்கிறேன். எஸ்டி கார்டில் ஆட்டங்கள் இருக்கும். ஆன் செய்தால் மெனு வரும், தேர்ந்தெடுத்தால் ஆட்டம் ஓடும். விற்கும் எண்ணம் இல்லை. வரைபடம், நிரல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிடுவேன்.

இந்தக் கார்ட்ரிட்ஜைத் திறந்து பார்க்காதவர்களுக்கு: உள்ளே இரண்டு பலகைகள், ஒவ்வொன்றிலும் 120 பின். ப்ராக் பலகையில் போர்டின் முதன்மைச் செயலியான 68000 ஓட்டும் நிரல் (பி-ரோம்), ஒலித் துணுக்குகள் (வி-ரோம்). சிஎச்ஏ பலகையில் திரையில் நகரும் உருவங்களான ஸ்பிரைட் படங்கள் (சி-ரோம்), திரையில் நிலையாக நிற்கும் எழுத்துகள் (எஸ்-ரோம்), ஒலியைக் கவனிக்கும் இசட்80 செயலிக்கான நிரல் (எம்-ரோம்). ஐந்தும் ஒரே நேரத்தில் தரவு கேட்கும். எஸ்டி கார்டிலிருந்து நேரடியாகக் கொடுக்க முடியாது, நடுவில் வேகமான நினைவகம் வேண்டும்.

என் திட்டம், பலகைக்கு ஒரு எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்), ஒரு எஸ்டிரேம் (மின்சாரம் இருக்கும்வரை தரவை வைத்திருக்கும் வேகமான ரேம்). கருத்துச் சொல்லுங்கள்.

பழைய_போர்டு:

எஸ்டிரேம் வேண்டாம். அசல் கார்ட்ரிட்ஜில் இருப்பது மாஸ்க் ரோம், தொழிற்சாலையிலேயே எழுதி முடித்த நினைவகம். முகவரியைக் கொடுத்தால் தரவு வரும், எப்போது கேட்டாலும் அதே நேரத்தில் வரும். எஸ்டிரேமில் வரிசையைத் திறக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பத்தியைக் கேட்க வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும், மூட வேண்டும். இதற்கு நடுவில் தரவு அழியாமல் அவ்வப்போது புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் வேறு. ஒரு ரீடு தவறினால் 68000 எங்கேயோ தாவி நிற்கும், காரணம் கண்டுபிடிக்க முடியாது.

512 மெகாபிட் நார் ஃபிளாஷ் சுமார் 110 நானோ விநாடியில் பதில் தருகிறது. பேரலல் இணைப்பு, மின்சாரம் போனாலும் தரவு அழியாது. கட்டுப்பாட்டுக்கு ஒரு சின்ன சிபிஎல்டி (எஃப்பிஜிஏ-வை விட எளிய சிப்) கிட்டத்தட்டப் போதும். தேவையில்லாமல் ஏன் சிக்கலாக்குகிறீர்கள்?

நித்யா_எச்டிஎல்:

பயமுறுத்தும் முன் கணக்கைப் பார்த்துவிடலாமே.

ஒரு திரை வரிக்கு 384 பிக்சல் கடிகாரம், 6 மெகாஹெர்ட்ஸ், ஆக 64 மைக்ரோ விநாடி. ஒரு வரியில் அதிகபட்சம் 96 ஸ்பிரைட். ஒவ்வொன்றும் 16 பிக்சல் அகலம், பிக்சலுக்கு 4 பிட், சி-ரோமின் தரவுப் பாதை (பஸ்) 32 பிட். அதாவது ஒரு ஸ்பிரைட்டுக்கு இரண்டு ரீடு, வரிக்கு 192. 64 மைக்ரோவை 192-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 333 நானோ விநாடிக்கு ஒரு ரீடு.

போர்டு 68000-க்குத் தரும் 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் கார்ட்ரிட்ஜுக்கும் வருகிறது. அதை எட்டு மடங்காக்கி 96 மெகாஹெர்ட்ஸில் எஸ்டிரேமை ஓட்டினால், 333 நானோவில் 32 துடிப்புகள் கிடைக்கும். ஒரு வரிசையைத் திறந்து இரண்டு 16 பிட் சொற்களைப் படித்து மூட ஏழெட்டுத் துடிப்பு போதும். ரிஃப்ரெஷ் என்கிறீர்களே, 64 மில்லி விநாடிக்கு 8192 முறை, அதாவது 7.8 மைக்ரோவுக்கு ஒன்று. மிஞ்சும் இடத்தில் சத்தமில்லாமல் முடிந்துவிடும். போர்டின் கடிகாரத்தோடு பூட்டி ஓட்டுவதால் "எப்போது கேட்டாலும் அதே நேரம்" என்பதும் கிடைத்துவிடுகிறது.

பழைய_போர்டு:

அந்த 333-ம் முழுக்க உங்களுடையது இல்லையே நித்யா. சி-ரோம் முகவரி தனிப் பாதையில் வருவதில்லை. ஒரே 24 பிட் பஸ்ஸில் சி முகவரியும் எஸ் முகவரியும் மாறி மாறி வருகின்றன, அசல் கார்ட்ரிட்ஜில் நியோ-273 சிப் அவற்றைப் பிடித்து வைக்கிறது. முகவரி உறுதியான பிறகு எஞ்சும் நேரம்தான் உங்கள் கையில். 4 ஸ்லாட், 6 ஸ்லாட் போர்டுகளில் (அத்தனை கார்ட்ரிட்ஜ் செருகக்கூடியவை) ஒவ்வொரு சிக்னலும் நடுவில் நின்று கடத்தும் பஃபர் சிப்களைத் தாண்டி வரும். அந்தத் தாமதத்தையும் கழியுங்கள்.

நித்யா_எச்டிஎல்:

பாதியைக் கழித்துவிட்டேன், சரியா? 16 துடிப்பு மிச்சம். தேவை எட்டு.

ஈயப்புகை:

நார் பக்கம் எனக்குள்ள தயக்கம் வேகம் இல்லை, எழுதும் நேரம். அந்த 512 மெகாபிட் சிப்பில் 128 கிலோபைட் செக்டர்கள் (ஒட்டுமொத்தமாக அழிக்க வேண்டிய பகுதிகள்) 512 இருக்கும். ஒரு செக்டரை அழிக்கச் சாதாரணமாக அரை விநாடி என்று வைத்தால், முழுச் சிப்பையும் துடைக்கவே நான்கு நிமிடத்துக்கு மேல். அதற்கப்புறம் எழுத வேண்டும். ஆட்டம் மாற்ற இவ்வளவு நேரம் காத்திருக்கச் சொன்னால் யாரும் மாற்றவே மாட்டார்கள்.

மிகப் பெரிய ஆட்டத்தை வைத்துப் பார்க்கிறேன். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 2003: 716 மெகாபிட், அதாவது 89.5 மெகாபைட். எஸ்டி கார்டை 4 பிட் முறையில் விநாடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் படித்தால் நான்கரை விநாடி. தொடக்க கால ஆட்டங்கள் பல 10 மெகாபைட்டுக்குள்தான், கண் இமைக்கும் நேரத்தில் ஏறிவிடும். ஆனால் சோம்பேறித்தனமாக 25 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ முறையில் (ஒரு நேரத்தில் ஒரு பிட்) படித்தால் அதே 2003-க்கு அரை நிமிடம் ஆகும். அதனால் எஸ்பிஐ கிடையாது.

பழைய_போர்டு:

வீட்டில் மேசை மேல் வைத்து ஆடுபவர் பேசுகிற பேச்சு இது. எம்விஎஸ் நாணயம் போட்டு ஆடும் இயந்திரம். காலையில் சுவிட்சைப் போடுபவருக்கு மெனுவும் தெரியாது, எஸ்டி கார்டும் தெரியாது. ஆன் செய்தால் ஆட்டம் ஓட வேண்டும், அவ்வளவுதான். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் உங்கள் எஸ்டிரேம் காலி. எஸ்டி கார்டு இணைப்பில் தூசி படிந்தால் அன்றைக்கு இயந்திரமே படுத்துவிடும். நாரில் எழுதிவிட்டால் எஸ்டி கார்டையே பிடுங்கிவிடலாம். நான்கு நிமிடம் எழுதினால் என்ன, மாதத்துக்கு ஒரு முறைதானே மாற்றப் போகிறார்கள்? செக்டருக்கு லட்சம் முறை அழிக்கலாம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள், நம் காலம் தாண்டும்.

ஈயப்புகை:

கடைசியாக ஓடிய ஆட்டத்தை நினைவில் வைத்துத் தானாக ஏற்றும் வசதி உண்டு. ஐந்து விநாடிக்குள் வந்துவிடும். எஸ்டி கார்டு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நித்யா_எச்டிஎல்:

ஏற்றும் அந்த ஐந்து விநாடியில் வாட்ச்டாக்கை (நிரல் நின்றுவிட்டதா என்று கண்காணிக்கும் சுற்று) என்ன செய்யப் போகிறீர்கள்? ஏறத்தாழ 0.135 விநாடிக்குள் 300001 முகவரியில் எழுதாவிட்டால் போர்டு ரீசெட் ஆகிவிடும். பி-ரோம் இருக்கிற நினைவகத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போது 68000 எங்கிருந்து நிரல் படிக்கும்?

ஈயப்புகை:

இதில்தான் இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. மெனு நிரல் ஏற்றத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சுழலை போர்டின் 64 கிலோபைட் ஒர்க் ரேமில் நகலெடுத்து, நிரலை இடைமறிக்கும் இன்டரப்டை மூடிவிட்டு, அங்கே தாவிவிடும். அந்தச் சுழலுக்கு இரண்டே வேலைகள்: வாட்ச்டாக்குக்கு எழுதுவது, எஃப்பிஜிஏ "முடிந்தது" என்கிறதா என்று பார்ப்பது. முடிந்ததும் வாட்ச்டாக்குக்கு எழுதுவதை நிறுத்திவிடுவேன். போர்டு தானே ரீசெட் ஆகும். போர்டின் தொடக்க நிரலான பயாஸ் எழுந்து வந்து 100-ஆம் முகவரியில் நியோ-ஜியோ என்ற எழுத்தைத் தேடும்போது அங்கே புது ஆட்டம் உட்கார்ந்திருக்கும். கார்ட்ரிட்ஜிலிருந்து ரீசெட் கம்பியைத் தொடவே வேண்டாம்.

நித்யா_எச்டிஎல்:

அட, அழகு.

காயின்_ஸ்லாட்:

எல்லாரும் நானோ விநாடியிலேயே இருக்கிறீர்கள். இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே. பழைய இயந்திரங்களை எஃப்பிஜிஏ-வில் மறுவுருவாக்கும் மிஸ்டரில் நியோ ஜியோவுக்கான கோர் (சுற்று வடிவமைப்பு) இருக்கிறது, 128 மெகாபைட் எஸ்டிரேம் செருகினால் பெரிய ஆட்டங்களும் ஓடுகின்றன. அசல் போர்டில் அசல் கார்ட்ரிட்ஜ், மற்றதெல்லாம் அங்கே. இரண்டையும் கலப்பானேன்?

இன்னொன்று. எஸ்என்கே இன்றும் உயிரோடு இருக்கிற நிறுவனம், பழைய ஆட்டங்களை இன்றும் விற்கிறது. மல்டி கார்ட்ரிட்ஜ் என்றாலே அதில் ஏறப் போவது என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பலகைக்கு உறை வேண்டும் என்று அசல் கார்ட்ரிட்ஜைப் பிளந்து உள்ளிருப்பதைத் தூக்கி எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

ஈயப்புகை:

உறையைப் பற்றிச் சொன்னது நியாயம். முப்பரிமாண அச்சில் எடுக்கும் உறை வரைபடத்தையும் சேர்த்தே தருகிறேன். மிஸ்டரில் ஓடுவது ஓடட்டும். என்னிடம் இருப்பது போர்டு, அது அலமாரியில் சும்மா இருக்கக் கூடாது. புதிதாக நியோ ஜியோவுக்கு ஆட்டம் எழுதுபவர்களுக்கு என்ஜிடெவ்கிட் போன்ற திறமூலக் கருவிகள் இருக்கின்றன. எழுதியதை உண்மையான போர்டில் ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு ஒரு வழி வேண்டாமா? நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஈப்ராம் சிப்பில் எழுதச் சொல்வீர்களா?

காயின்_ஸ்லாட்:

புதிதாக எழுதுபவருக்கு என்றால் கை தட்டுகிறேன். ஆனால் மேலே உதாரணம் காட்டியது கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 2003! 1999-லிருந்து வந்த பல ஆட்டங்களில் சி-ரோம் மறையாக்கப்பட்டது. சிலவற்றில் பி-ரோமையும் எஸ்எம்ஏ என்ற பாதுகாப்புச் சிப் குழப்பி வைத்திருக்கிறது. அதை ஓட்ட வேண்டுமென்றால் முதலில் கணினியில் மறைநீக்கிக் கோப்பு தயாரிக்க வேண்டும். அந்தக் கருவியையும் நீங்களே பொதுவில் வைப்பீர்களா?

ஈயப்புகை:

மாட்டேன். முதல் பதிப்பில் 1999-க்கு முந்தைய அமைப்பும் புது ஆட்டங்களும் மட்டும்தான். எஸ்எம்ஏ-வின் பேங்க் மாற்றம், ரேண்டம் எண் இதெல்லாம் எழுதப் போவதில்லை.

பழைய_போர்டு:

பிடித்துவிட்டேன்! 1999-க்குப் பிந்தையது வேண்டாம் என்றால் 64 மெகாபைட் சி-ரோம் எதற்கு? சின்ன நார் சிப் போதும், துடைக்கும் நேரமும் குறையும், எஃப்பிஜிஏ-வும் மிச்சம். எஸ்டிரேம் வாதமே விழுந்துவிட்டது.

நித்யா_எச்டிஎல்:

விழவில்லை. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98-ஐ மறந்துவிட்டீர்கள். 683 மெகாபிட். சி மட்டும் 64 மெகாபைட், வி 16, பி 5, மிச்சம் கொசுறு. 1998-லேயே உச்சத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் இது ஈயப்புகையின் திட்டத்தையும் கடிக்கிறது. 512 மெகாபிட் எஸ்டிரேம் என்றால் சரியாக 64 மெகாபைட். சி-ரோம் விளிம்பு வரை நிரப்பிவிடும். அதே பலகையில் இருக்க வேண்டிய எஸ்-ரோமுக்கும் எம்-ரோமுக்கும் இடம் எங்கே? சின்ன எஃப்பிஜிஏ-வின் உள் நினைவகம் போதாது. 1 மெகாபைட் நிலை ரேம் (ரிஃப்ரெஷ் தேவைப்படாத ரகம்) ஒன்று, 10 நானோ விநாடி ரகம், தனியாகப் போடுங்கள். இசட்80-யும் எழுத்துத் திரையும் அதைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

ஈயப்புகை:

இதை நான் வரைபடத்தில் விட்டிருந்தேன், சேர்க்கிறேன். ப்ராக் பக்கம் 32 மெகாபைட் போதும் என்று நினைக்கிறேன். 2003-ஐ எடுத்தாலும் பி 9, வி 16, மொத்தம் 25-தான்.

பழைய_போர்டு:

ஒலியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஒலிச் சிப் ஒய்எம்2610-ல் ஒலித் துணுக்குகளை இசைக்கும் ஆறு ஏடிபிசிஎம்-ஏ சேனலும் சேர்ந்து விநாடிக்கு 55 கிலோபைட் கேட்டால் அதிகம். ஆமை வேகம். எதில் போட்டாலும் ஓடும்.

பி-ரோம்தான் என் தலைவலி. 68000 காத்திருக்காமல் 4 துடிப்பில், 333 நானோவில், ஒரு பஸ் சுற்றை முடிக்கிறது. அங்கே வி-ரோமோடு எஸ்டிரேமைப் பங்கு போடாதீர்கள். 128 மெகாபிட் பிஎஸ்ரேம், 70 நானோ ரகம், வெளியே நிலை ரேம் மாதிரியே நடந்துகொள்ளும். பி-ரோமை அதில் தனியாக வையுங்கள், வி-ரோமை எஸ்டிரேமில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மின்னழுத்தம். போர்டு 5 வோல்ட், உங்கள் சிப் எல்லாம் 3.3. சந்தையில் வரும் சில மல்டி கார்ட்ரிட்ஜ்களில் நடுவில் எதுவுமே இல்லாமல் நேரடியாக இணைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடும். என்னிடம் பழுதுக்கு வந்த ஒரு போர்டில் டேட்டா பஸ் பஃபர் தொட முடியாத அளவு சுட்டது.

ஈயப்புகை:

74எல்விசி245 பஃபர் சிப் வரிசை கட்டி நிற்கிறது. அதன் உள்ளீடு 5 வோல்ட் தாங்கும், வெளியீடு 3.3. 68000-க்கு 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே "1"-தான். திசை மாறும் நேரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக ஓட்டாமல் இருக்க, டேட்டா பஃபரை எப்போதும் மூடியே வைத்து, ரீடு சிக்னல் வந்தால் மட்டும் திறக்கிறேன். பிஎஸ்ரேம் யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

காயின்_ஸ்லாட்:

என் கேள்விக்குப் பாதிப் பதில்தான் வந்திருக்கிறது. நிரல் பொதுவில் இருந்தால் எஸ்எம்ஏ பகுதியை நீங்கள் எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதுவார்.

ஈயப்புகை:

எழுதுவார். அதைத் தடுக்கும் வழி என்னிடம் இல்லை. அதற்காக மூடி வைக்கவும் மாட்டேன்.

பழைய_போர்டு:

சரி, பேசியது போதும். ஒரு சோதனை நிரல் எழுதுங்கள்: 224 வரியிலும் 96 ஸ்பிரைட், ஒவ்வொன்றும் வேறு வேறு வரிசையிலிருந்து, எஸ்டிரேம் எங்கும் மூச்சு விட முடியாதபடி. கூடவே 68000 பி-ரோமின் செக்சம்மை (தரவு சரியா என்று காட்டும் கூட்டுத்தொகை) திரும்பத் திரும்பக் கூட்டட்டும். இதை 1 ஸ்லாட் போர்டில் காட்டாதீர்கள். 6 ஸ்லாட் போர்டில் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வாருங்கள். அதுவரை என் வாக்கு நாருக்குத்தான்.

நித்யா_எச்டிஎல்:

சோதனை நிரலை நான் எழுதுகிறேன். 6 ஸ்லாட் போர்டு யாரிடம் இருக்கிறது?

காயின்_ஸ்லாட்:

என்னிடம். பேட்டரி கசிந்து அரித்த தடங்களை இப்போதுதான் சரிசெய்து முடித்தேன். அந்தப் பஃபர் பகுதியின் வரைபடத்தைக் காட்டுங்கள், அதைப் பார்த்த பிறகுதான் செருக விடுவேன்.