பெற்றோர் கொடுத்த பணமும் வரித்துறை கேட்ட கேள்வியும்

முதல் பகிர்வு – மதுரை

வீடு வாங்குவதற்காக 2021இல் என் தந்தை எனக்கு 14 லட்சம் ரூபாய் கொடுத்தார். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையை அவர் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பணம்தான் இது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி கிடையாது என்று இருவருக்குமே தெரிந்திருந்ததால், ஒரு தாளில்கூட எதையும் எழுதி வைக்காமல் அவருடைய கணக்கிலிருந்து என் கணக்குக்கு இரண்டு முறையாக மாற்றிக்கொண்டோம்.

2023இல் எனக்கு நோட்டீஸ் வந்தது. வீட்டுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று அதில் கேட்டிருந்தார்கள்.

ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். வரியில்லாமல் அன்பளிப்பு பெற 50,000 ரூபாய் என்ற வரம்பு உறவினர் அல்லாதவர்கள் கொடுப்பதற்குத்தான். அதைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். தாய், தந்தை, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் போன்றவர்கள் கொடுப்பதற்கு வரம்பே இல்லை. ஆனால் கொடுத்தவர் யார், அவ்வளவு கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா, கொடுத்தது உண்மைதானா என்ற மூன்றையும் பெற்றவரே காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது விளக்கமில்லாத வரவாகக் கருதப்பட்டு, அப்போதைய விதிப்படி 60 சதவீத வரியும் அதன்மேல் சர்சார்ஜ், செஸ் என்னும் கூடுதல் வரிகளும் சேர்ந்து 78 சதவீதம் கட்ட நேரிடும்.

அன்பளிப்புப் பத்திரத்தை 2021ஆம் ஆண்டுத் தேதியிட்டு இப்போது எழுதலாமா என்று பதற்றத்தில் கேட்டுவிட்டேன். அவர் உறுதியாக மறுத்தார். முன்தேதியிட்ட தாள் ஒன்று உள்ளே போனால் உண்மையான பணமும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்பது அவர் வாதம். அது முற்றிலும் சரி என்றே இன்று நினைக்கிறேன். எனவே, கொடுத்ததை உறுதிசெய்யும் கடிதத்தை அப்பா அன்றைய தேதியிட்டே எழுதினார். "என் மகளுக்கு நான் கொடுத்ததற்கு நானே சாட்சி சொல்ல வேண்டுமா?" என்று கேட்டபடி அவர் கையெழுத்திட்டதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் கடிதத்துடன் அவருடைய பான் எண், டெபாசிட் முதிர்ந்த விவரம், இரு கணக்குகளின் ஸ்டேட்மெண்ட் ஆகியவற்றை அனுப்பினோம். விளக்கம் ஏற்கப்பட்டது, வரி எதுவும் விதிக்கப்படவில்லை.

மறுமொழி – திருச்சி

எங்கள் வீட்டில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. மாமா, அதாவது என் கணவரின் தந்தை, எனக்கு 8 லட்சம் ரூபாய் அன்பளிப்பாகக் கொடுத்தார். அதை என் பெயரில் டெபாசிட் செய்தேன். கொடுத்த பணத்துக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் மருமகளுக்குக் கொடுத்த பணம் ஈட்டும் வட்டி, கொடுத்தவருடைய வருமானத்தோடு சேரும் என்பதை அறியாமல், மூன்று ஆண்டுகள் அதை என் ரிட்டர்னிலேயே காட்டி வந்தேன். பிறகு மாமா தம் வருமான வரிக் கணக்கைத் திருத்தி, கூடுதல் வரியை வட்டியுடன் கட்ட வேண்டியதாயிற்று. அதே பணத்தை வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ, ஏன், மருமகனுக்கே கொடுத்திருந்தாலும் இந்தச் சேர்ப்பு வந்திருக்காது. மருமகளுக்கு மட்டும் ஏன் இந்த வேறுபாடு என்பது எனக்கு இன்றளவும் நியாயமாகப் படவில்லை.

மறுமொழி – சேலம்

பள்ளியில் படிக்கும் மகன் பெயரில் டெபாசிட் போட்டிருந்தோம். 18 வயது நிரம்பும்வரை அதன் வட்டி, தாய் தந்தை இருவரில் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்தோடு சேர்கிறது. பழைய வரி முறையில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை.

மறுமொழி – திருநெல்வேலி

மகளின் மேற்படிப்புக்காக 3 லட்சம் ரூபாயை ரொக்கமாகவே கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். 2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்றும், மீறினால் பெற்ற தொகைக்கு ஈடான அபராதம் விதிக்கப்படலாம் என்றும், சொந்த மகளுக்கும் இதில் விலக்கில்லை என்றும் நண்பர் ஒருவர் எச்சரித்தார். மறுநாளே வங்கிக்குப் போய்க் காசோலையாகக் கொடுத்தேன். மேலே மதுரைச் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, இன்று காலை அதற்கான உறுதிக் கடிதத்தையும் இன்றைய தேதியிட்டு எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன்.