இரவு முழுவதும் சார்ஜில் இருக்கும் கைபேசியும் உப்பிய பேட்டரியும்

வினா:
இரவு முழுவதும் சார்ஜரில் இணைத்து வைத்தால் பேட்டரி கெட்டுவிடும் என்று சிலரும், முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும் என்று வேறு சிலரும் கூறுகிறார்கள். எது சரி? மேலும், என் பழைய கைபேசியின் பின்மூடி சற்றே உப்பியிருக்கிறது. அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
முழுவதும் தீரவிடும் வழக்கம் நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. இன்றைய லித்தியம் அயனி பேட்டரிக்கு அது நல்லதன்று. 100 விழுக்காட்டை எட்டியதும் கைபேசியே மின்னேற்றத்தை நிறுத்திவிடும். ஆயினும் முழு மின்னேற்றத்தில் நெடுநேரம் இருப்பதும், அதனுடன் சேரும் வெப்பமும் உள்ளிருக்கும் வேதிப்பொருள்களை மெல்லச் சிதைக்கின்றன என்பதால், இயன்றவரை 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். தலையணைக்கு அடியில் வைத்து மட்டும் ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள்.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விதான் அவசரமானது. மின்பகுபொருள் (பேட்டரிக்குள் அயனிகளைக் கடத்தும் வேதிப்பொருள்) சிதைந்து உள்ளே வாயு சேர்வதால்தான் பேட்டரி உப்புகிறது. கைபேசியை உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் செய்யவோ, மூடியை அழுத்தவோ, துளையிட்டு வாயுவை வெளியேற்றவோ வேண்டாம், ஏனெனில் உள்ளே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் தீப்பற்றக்கூடும்.

வினவியவர்:
அணைத்துவிட்டேன், நன்றி. குப்பையில் போடலாமா?

மறுமொழி 2:
கூடாது, குப்பையோடு நசுங்கினாலும் தீப்பிடிக்கலாம். மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில், பேட்டரி உப்பியிருப்பதை முன்கூட்டியே தெரிவித்து ஒப்படையுங்கள். அதுவரை எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்திருங்கள்.