மறு: பி.ஈ.சி.க்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களே,

ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானத்தில், மோட்டார் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கும் (ரேடியோ கட்டளையை வாங்குவது) சர்வோவுக்கும் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கிற சுற்றுதான் பி.ஈ.சி., அதாவது 'பேட்டரி எலிமினேட்டர் சர்க்யூட்', பேட்டரியை ஒழிக்கும் சுற்று. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையை நான்கு நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். "மின்கல அகற்றி" என்று ஒருவர், "மின்கலத் தவிர்ப்புச் சுற்று" என்று இன்னொருவர், பேசாமல் "சீராக்கி" என்று வைத்துவிட்டுப் போகலாமே என்று மூன்றாமவர். மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மூலச்சொல்லில் 'எலிமினேட்டர்' இருக்கிறதே, அதை விட்டுவிட்டால் பொருள் போய்விடாதா?

போகாது. அந்தப் பெயரே பழைய கதை. 1920களில் வீட்டு ரேடியோ பேட்டரியில் ஓடியது. வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் அந்தப் பேட்டரியை ஒழித்துக்கட்ட ஒரு பெட்டி விற்றார்கள். பின்னாளில் மோட்டரோலா ஆன கால்வின் நிறுவனம் 1928இல் சிகாகோவில் கடை திறந்தபோது முதலில் விற்றதே அந்தப் பெட்டியைத்தான். நம் ஊரிலும் டேப் ரெக்கார்டருக்குச் சுவரில் செருகும் அடாப்டரை "எலிமினேட்டர் இருக்கா?" என்றுதானே கடையில் கேட்போம். மாதிரி விமானத்துக்கு அந்தப் பெயர் வந்த வழியும் அதுதான். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் என்று தனியாக நான்கு நிக்கல்-காட்மியம் செல், 4.8 வோல்ட், சுமார் 100 கிராம் எடை, இதைச் சுமந்துகொண்டுதான் விமானம் பறந்தது. மோட்டார் பேட்டரியிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக் கொடுக்க ஒரு சுற்று வந்ததும் அந்த 100 கிராம் மிச்சம். சரி, அன்றைக்கு அது எலிமினேட்டர். இன்றைக்குப் பெரிய விமானம் கட்டுகிறவர்கள் ரிசீவருக்கென்றே இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒன்றைத் தனியாக வைத்து, அதற்கும் ரிசீவருக்கும் நடுவே இதே சாதனத்தைப் போடுகிறார்கள். அங்கே எந்தப் பேட்டரியும் ஒழியவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. "மின்கல அகற்றி" என்று அதன் மேல் ஒட்டினால், பேட்டரியைக் கழற்றும் ஸ்குரூ டிரைவர் வகை என்றுதான் புதிதாக வருகிற பையன் நினைப்பான்.

"சீராக்கி"யில் வேறு சிக்கல். இலங்கைப் பாடநூலில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவதைச் சீராக்கம் என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்த வேலையைச் செய்வது "திருத்தி". ஒரே சொல்லுக்குப் பாக்கு நீரிணையின் இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு வயரிங் படம் வரையக் கூடாது.

அப்படியானால் "ரெகுலேட்டர்" என்றே எழுதிவிடலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கலப்பு எனக்குப் பிரச்சினையே இல்லை, ரிசீவரையும் சர்வோவையும் நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. ஆனால் தமிழ்நாட்டு வீட்டில் ரெகுலேட்டர் என்றால் முதலில் கண்ணில் வருவது ஃபேன் ரெகுலேட்டர். திருகினால் கூடும், குறையும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: யார் என்ன திருகினாலும் கூடாமல் குறையாமல் நிற்கிற ஒன்று. சமையலறையில் இருக்கிற இன்னொரு ரெகுலேட்டர்தான் சரியான உவமை. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், அடுப்புக்கு வருவது எப்போதும் ஒரே சிறிய அழுத்தம். ஒரு பர்னர் எரிந்தாலும் இரண்டு எரிந்தாலும் அதே. நம் மொழியில் வோல்டேஜுக்கு "மின்னழுத்தம்" என்றே பெயர் இருக்கும்போது இந்த உவமையை விடலாமா?

ஆகவே என் முன்மொழிவு: அழுத்தநிலைப்பி. சுருக்கமாக நிலைப்பி. நிலைத்தல் தானாக நிற்பது, நிலைப்பித்தல் நிற்க வைப்பது. முதலில் "அழுத்தங்காப்பி" என்று யோசித்தேன், வீட்டில் சொன்னதும் "டிகிரி காப்பி மாதிரியா?" என்று கேட்டார்கள். அதோடு விட்டேன்.

இனி வகைகள். நேரியல் (லீனியர்), சொடுக்கு (ஸ்விட்சிங்) என்று ஆங்கிலத்தைப் பின்தொடர்ந்தால் கட்டுகிறவனுக்கு ஒன்றும் விளங்காது. முதல் வகை என்ன செய்கிறது? மிகுதி வோல்ட்டை வெப்பமாக எரித்துவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வித்தை. மூன்று செல் லைப்போ 11.1 வோல்ட், வெளியே 5 வோல்ட், இழுப்பது 2 ஆம்பியர் என்றால் 6.1 பெருக்கல் 2, அதாவது 12 வாட்டுக்கு மேல் ஒரு கட்டைவிரல் நகம் அளவு சில்லில் எரிகிறது. சால்டரிங் அயர்ன் முனையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, சுருளிலும் கெப்பாசிட்டரிலும் சமன் செய்து கொடுக்கிறது; அதே 2 ஆம்பியருக்கு, 85 சதத் திறன் என்று வைத்தால், வீணாவது 2 வாட்டுக்கும் குறைவு. எனவே எரிநிலைப்பி, வெட்டுநிலைப்பி. முதல் பெயரைக் கேட்டதும் "அப்போது சூடாகுமே, காற்று போகிற இடத்தில் வைக்கணுமே" என்று தோன்ற வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெயர்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வற்றிய ஏரியில் பறக்க விட்டுக்கொண்டிருந்தேன், மூன்று செல், நான்கு சிறிய சர்வோ, மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒரு எரிநிலைப்பி, பெட்டியின் மேல் "5 வோல்ட் 2 ஆம்பியர்" என்று அச்சு. நான்காவது நிமிடத்தில் எல்லாம் செத்துப்போய், விமானம் கருவேல முள்ளுக்குள் நேராக இறங்கியது. ஓடிப் போய் எடுத்துப் பார்த்தால் எல்லா சர்வோவும் அழகாக ஆடுகின்றன! ரேடியோவைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், பக்கத்தில் வாட்ஸப் பார்த்துக்கொண்டிருந்தவரைக்கூடத் திட்டினேன். உண்மையில் நடந்தது என்னவென்றால், சூடு தாங்காமல் நிலைப்பி தன்னைத் தானே அணைத்துக்கொண்டது, நான் முள்ளை விலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஆறி மறுபடி உயிர் பெற்றது. அந்த 2 ஆம்பியர் இரண்டு செல்லுக்கு, காற்றோட்டத்தில் கிடைக்கிற கணக்கு. மூன்று செல்லுக்குப் போனால் பாதியை மட்டும் நம்புங்கள், நான்கு செல்லும் அதற்கு மேலும் என்றால் எரிநிலைப்பியே வேண்டாம்.

வீட்டுக்கு வந்துதான் சோதித்தேன் (முதலில் செய்திருக்க வேண்டும்). 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் நான்கை இணையாகச் சேர்த்தால் 2.5 ஓம், 5 வோல்ட்டில் சரியாக 2 ஆம்பியர் இழுக்கும். முன்விசிறியைக் கழற்றிவிட்டு, சர்வோ செருகியின் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே இதைப் போட்டு, மல்டிமீட்டரையும் வைத்தேன். முதலில் 4.96. அரை நிமிடம்கூட ஆகவில்லை, சடாரென்று விழுந்தது, வந்தது, மறுபடி விழுந்தது. சும்மா மீட்டர் மட்டும் வைத்து 5 வோல்ட் காட்டுகிறது என்று மகிழ்வதில் ஒரு பயனும் இல்லை. சுமை இல்லாமல் எந்த நிலைப்பியும் 5 காட்டும்.

இப்போது சொல்லுக்கும் அதே சோதனை. நான் முன்மொழிந்த சொற்களைச் சும்மா பட்டியலில் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், வேலை வாக்கியத்தில் போட்டால்தான் தெரியும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இருப்பதை உள்நிலைப்பி என்றும் தனியாக வாங்கிப் போடுவதை தனிநிலைப்பி என்றும் வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன்:

"தனிநிலைப்பி போடுவதாக இருந்தால் உள்நிலைப்பியின் சிவப்புக் கம்பியைக் கழற்றிவிடு. வெட்டாதே. செருகியின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கினால் முனை வழுக்கி வெளியே வரும், அதற்கு ஷ்ரிங்க் டியூப் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு, கம்பியோடு மடித்துக் கட்டிவை. கருப்பை மட்டும் தொடாதே, அது போனால் சைகைக்கு (சிக்னலுக்கு) திரும்பும் வழி இல்லை, மோட்டார் கேட்காது. இரட்டை மோட்டார் விமானத்தில் இரண்டு உள்நிலைப்பி வரும், ஒன்றின் சிவப்பை எடுத்துவிடு, ஒன்று 5.0, மற்றது 5.2 என்று இருந்தால் உயர்ந்ததே சுமை முழுவதையும் தாங்கும், வெட்டுநிலைப்பிகள் என்றால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்."

எனக்குப் படிக்கத் தடங்கல் இல்லை. உங்களுக்கு?

கடைசியாக ஒன்று. ஆங்கிலத்தில் பிரவுன்-அவுட் (மின்னழுத்தம் கொஞ்ச நேரம் இறங்கிப் போவது) என்பதற்கு "பழுப்பு" எதையும் இழுத்து வராதீர்கள். அழுத்தத் தொய்வு போதும். கொடிக் கயிறு தொய்வது போலத்தான் அது. சர்வோ எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போது 5 வோல்ட் 3.5 பக்கம் தொய்ந்தால் பல ரிசீவர்கள் மயங்கி மறுபடி தொடங்கும், பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளில் அதற்குச் சில நொடிகள் ஆகும், அதற்குள் தரை வந்துவிடும். நிலைப்பி நன்றாக இருந்தும் மெல்லிய கம்பியால் தொய்வு வரலாம். 26 எண் (AWG) கம்பி மீட்டருக்கு 0.13 ஓம் அளவு. இறக்கைக்கு 60 செ.மீ. நீட்டிப்பு போட்டால் போக வர 1.2 மீட்டர், 2 ஆம்பியருக்கு 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

---

அண்ணா, வணக்கம். நிலைப்பி எனக்கு முழுச் சம்மதம், சீராக்கியைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான், எங்கட பாடசாலையில் அது வேறு பொருள். ஆனால் "வெட்டுநிலைப்பி" வேண்டாம். மின்வெட்டு என்றால் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த சனம் நாங்கள். தமிழ்நாட்டிலும் அப்படித்தானே. வெட்டுநிலைப்பி என்று படித்தவுடன் அழுத்தம் குறைந்தால் மின்சாரத்தை வெட்டிவிடும் சாதனம் என்று தோன்றும். அதுவும், பேட்டரி இறங்கினால் மோட்டாரை நிறுத்துகிற வசதி வேகக் கட்டுப்பாட்டில் உண்மையாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள். குழப்பம் நிச்சயம். "துடிப்புநிலைப்பி" எப்படி?

இன்னொரு கேள்வி. தொய்வுக்கு ரிசீவரின் காலியான வழியில் (சேனல் செருகுமிடத்தில்) 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் செருகினால் போதும் என்கிறார்களே?

---

தம்பி, மின்வெட்டு எனக்குத் தோன்றவே இல்லை, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அதை மறந்தது வெட்கம்தான். சர்வோ சைகையும் துடிப்புதானே என்று ஒரு நிமிடம் தயங்கினேன், பிறகு மேலே உள்ள வாக்கியங்களில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. துடிப்புநிலைப்பி என்றே இருக்கட்டும். எரிநிலைப்பியை மட்டும் விட்டுத் தர மாட்டேன்.

கெப்பாசிட்டர்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஆம்பியர் இழுத்தால் 4700 மைக்ரோஃபாரட் ஒரு வோல்ட் இறங்க எடுத்துக்கொள்வது 2.35 மில்லி நொடி. சர்வோ கிளம்பும் கணத்தின் குத்துக்கு அது உதவும். மல்டிமீட்டர் அந்தக் குத்தைக் காட்டவே காட்டாது, அலைநோக்கி (ஆசிலோஸ்கோப்) வேண்டும். சூட்டில் அணைந்த எரிநிலைப்பிக்கு அது ஒன்றும் செய்யாது. துடிப்புநிலைப்பியின் சொடுக்கி (ஸ்விட்ச்) உள்ளே ஒட்டிக்கொண்டு முழு 12 வோல்ட்டும் ரிசீவருக்குப் போனாலும் ஒன்றும் செய்யாது. 10 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து வெடிக்கும்.

நேற்று இரவு உட்கார்ந்து என் நான்கு விமானத்திலும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். இரண்டில் "எரிநிலைப்பி, 3 செல், 1 ஆம்பியர் மட்டும்". பெரியதில் "தனிநிலைப்பி உண்டு, உள்நிலைப்பி சிவப்பு கழற்றியது". நான்காவதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, பிரித்துப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.