அயோவா விவசாயிகள் சிரிக்காமல் சொல்லும் வேடிக்கைக்கு என்ன பதில் சொல்வது?

வெண்பனி (கேள்வி):
வேலை நிமித்தமாக அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இங்குள்ள தானியக் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குக் கணினிப் பணி. காலை ஆறு மணிக்கெல்லாம் விதைக் கம்பெனித் தொப்பி அணிந்த ஐந்தாறு முதியவர்கள் அங்குள்ள காப்பி மேசையைச் சுற்றி அமர்ந்துவிடுவார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒருவரிடம், லாட்டரியில் பத்து லட்சம் டாலர் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைக்காமலேயே, "அது தீரும்வரை விவசாயம் செய்வேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மண்மீது இவருக்கு எவ்வளவு பற்று என்று நெகிழ்ந்துபோய் நான் பாராட்டிப் பேசினேன். அதன் பிறகுதான் மேசையே குலுங்கியது. இவர்கள் எப்போது வேடிக்கையாகப் பேசுகிறார்கள் என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

சோளக்கொல்லை:
பாராட்டியதில் தவறில்லை, ஆனால் அவர் சொன்னது கணக்கு: விவசாயம் அந்தப் பத்து லட்சத்தையும் தின்றுதீர்த்துவிடும் என்பது. அந்தத் துணுக்கு அமெரிக்க வேளாண் வட்டாரங்கள் எங்கும் புழங்குவது. 1970களில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனதால், அந்த நிலத்தையே ஈடாகக் காட்டி மேலும் மேலும் கடன் வாங்கினார்கள். பிறகு வட்டி எகிறியது, விளைபொருளின் விலை விழுந்தது. அயோவாவில் 1981இல் ஏக்கர் சராசரியாக 2,147 டாலருக்கு விற்ற நிலம் 1986இல் 787 டாலருக்கு வந்து நின்றது. உங்கள் மேசையில் இருப்பவர்களின் வயதைப் பார்த்தால், பக்கத்துப் பண்ணையின் டிராக்டர் ஏலம் போனதைக் கண்ணால் கண்டவர்களாகவே இருப்பார்கள்.

அவர்களுடைய பெற்றோர் காலத்து வேடிக்கையும் இதே வகைதான். 1935 ஏப்ரல் 14ஆம் நாள் ஓக்லஹோமா, டெக்சஸ் பகுதிகளில் பகலை இருட்டாக்கிய புழுதிப் புயல் வந்தது; அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அந்த வறட்சிக் காலத்துக் கதை ஒன்று: நெடுநாள் கழித்து ஒரு விவசாயியின்மேல் ஒற்றை மழைத்துளி விழுந்ததாம், அதிர்ச்சியில் அவர் மயங்கிச் சாய்ந்தாராம், முகத்தில் இரண்டு வாளி மணலைக் கொட்டித்தான் தெளியவைத்தார்களாம். இதையும் வானிலை அறிக்கை வாசிப்பதுபோலத்தான் சொல்லவேண்டும். சொல்பவர் சிரித்துவிட்டால் கதை கெட்டது.

இரவுப்பணி:
நான் கன்சாஸில் ஒரு சிறிய மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். எங்கள் ஊரில் "பரவாயில்லை" என்ற சொல்லுக்கு, எலும்பு முறிந்திருக்கிறது என்பதுவரை பொருள் உண்டு. சென்ற ஆண்டு ஒருவர் உள்ளங்கையை டக்ட் டேப்பால் (குழாய், கருவிகளை ஒட்டும் தடித்த நாடா) சுற்றிக்கொண்டு வந்தார். காயம் காலையில் பட்டது. வந்ததோ இரவு ஒன்பது மணிக்கு. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, மழை வருவதற்குள் வைக்கோலைக் கட்டி முடிக்கவேண்டியிருந்தது என்றார். பிரித்துப் பார்த்தால் பதினொரு தையலுக்கான வேலை. டேப்பை வீணாக்கிவிட்டேன் என்று அவருக்கு என்மேல் வருத்தம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். காப்பி மேசையைப் பற்றிப் பேசும்போது, அந்த நேரத்தில் அவர்களுடைய மனைவிமார் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வெற்றிபெற்ற ஒவ்வொரு விவசாயிக்கும் பின்னால் டவுனில் வேலைபார்க்கும் மனைவி ஒருத்தி இருக்கிறாள் என்று இங்கே சொல்வார்கள். பள்ளியிலோ வங்கியிலோ அவர் வாங்கும் சம்பளத்தைவிட, அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடுதான் பல குடும்பங்களைக் காப்பாற்றுகிறது.

நூற்கண்டு:
கேள்விக்கு நேரான பதில் இல்லை என்றாலும், மினசோட்டாவின் டார்வின் என்ற ஊரைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். ஃபிரான்சிஸ் ஜான்சன் என்ற விவசாயி 1950இல் வைக்கோல் கட்டும் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்து 29 ஆண்டுகள் சுற்றினார். பந்து 12 அடி குறுக்களவு, 17,400 பவுண்டு எடை. கன்சாஸின் காக்கர் சிட்டியில் 1953இல் தொடங்கிய இன்னொரு பந்து இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர்மக்கள் கூடி அதில் மேலும் கயிறு சுற்றுவதால் அது இன்னும் வளர்கிறது. இதனால், உலகிலேயே பெரியது என்று சொல்லிவந்த டார்வின்காரர்கள் அதை "தனியொருவர் சுற்றியதில் பெரியது" என்று திருத்திக்கொண்டார்கள். ஏன் சுற்றினார் என்பது தவறான கேள்வி. கயிற்றை வீசியெறிய மனம் வராதவர் வேறு என்னதான் செய்வார்?

வெண்பனிக்கு ஒரு நடைமுறை யோசனை: மறுமொழி தேடாதீர்கள். தலையை மெல்ல ஆட்டிவிட்டு மழையைப் பற்றிக் கேளுங்கள். சாலையில் எதிரே பிக்கப் வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துங்கள். முழுக்கையை ஆட்டினால் வண்டி பழுதாகிவிட்டதோ என்று நிறுத்திவிடுவார்கள். ஆகஸ்டில் காரைப் பூட்டிவையுங்கள். திருடர்களுக்காக அன்று, தோட்டத்தில் சுக்கினி (வெள்ளரிபோல் நீண்ட ஒரு பூசணி வகை) காய்த்துத் தள்ளும் அண்டை வீட்டாருக்காக.

வெண்பனி:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை அதே பெரியவர், கணினி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். சர்வர் இரண்டு நாளாகப் படுத்துக்கிடக்கிறது. "பரவாயில்லை" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார். நூற்கண்டு அவர்களின் கடைசி அறிவுரையை மட்டும் தாமதமாகப் படித்தேன். பின்னிருக்கையில் ஏழு சுக்கினிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். கூட்டு வைத்தால் தண்ணீர் விடுமா?